வலி இல்லீங்க, கடுப்புதான்

1.4.86, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே அனல். ஊசி கொதிக்க வைக்கும் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றினேன். பழைய திரி விரல் நீளம்கூட இல்லை.

பெரிய டாக்டர் கோயமுத்தூர் கிளம்பிவிட்டார். கண் ஆபரேஷன். மகள் வீட்டில் மூன்று வாரம். அதுவரை ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ள மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா. சிநேகிதருடைய மகளாம். இருபத்தாறு வயது இருக்கும். இரண்டு பெட்டி, ஒரு டேபிள் ஃபேன். மாடி அறையில் குடி வைத்தாயிற்று.

என்னை சிஸ்டர் என்கிறார். பதினாலு வருஷமாகப் புதுச்சத்திரத்தில் நான் நர்சம்மா. சிஸ்டர் என்றதும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

மதியம் கரண்டு போச்சு. நோட்டால் விசிறிக்கொண்டே, "ஒரே கடுப்பா இருக்கு சிஸ்டர்." பாவம், அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பெண், இடுப்போ காலோ கடுக்கிறது என்று நினைத்தேன். வென்னீர் வைத்துத் தரட்டுமா என்றேன். "இந்த வெயில்லயா?" என்று ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம் மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டுப் பேசினார். தம்பி போல. "அப்பா மேல எனக்குக் கடுப்பா வருதுடா. இங்க தள்ளி விட்டுட்டாரு." அப்போதுதான் புரிந்தது. அவர்கள் ஊரில் எரிச்சல் வந்தால் அது கடுப்பு. ஆள் மேல் வரும். அப்பா மேல்கூட வரும்.

பால் திரிந்துவிட்டது. காப்பி இல்லை.

3.4.86, வியாழன்

வெயில் அப்படியே. 43 டோக்கன். காய்ச்சல் 9, கட்டி 4, பேதி 6, தேள்கடி 1. மீதி இருமல், ஊசிக்கென்றே வருகிறவர்கள்.

டாக்டரம்மா சுறுசுறுப்பு. கை சுத்தம். குழந்தைகளுக்கு நோகாமல் ஊசி போடுகிறார். குறை சொல்ல முடியாது.

ஒரு கிழவர், "பொழுதோட காச்ச வருதுங்க" என்றார். டாக்டரம்மா பகல் பூரா காய்ச்சல் என்று எழுதினார். நான், "சாயங்காலம்ங்க மேடம். பொழுதோடன்னா சாயங்காலம்." அடித்து எழுதினார். பத்து நிமிஷம் கழித்து ஒரு அம்மா, ஒறம்பரை வந்து ஆக்கிப் போட்டதில் முதுகு போச்சு என்றாள். ஒறம்பரை என்ன வியாதி என்று கேட்டார். விருந்தாளி என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை நான் வாயைத் திறக்கவும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், நானும் தமிழ்தான். பேஷண்ட் பேசறது எனக்குப் புரியும். நடுவுல பேசாதீங்க."

எல்லோர் முன்னாலும். நான் பஞ்சு உருட்டப் போனேன். ஒரு டப்பா நிறைய உருட்டினேன்.

என் வயது முப்பத்தொன்பது. இந்தக் கட்டடம் கட்டும்போது தண்ணி ஊற்றியதிலிருந்து இங்கே இருக்கிறேன். இதை எழுதும்போதும் காது சூடாக இருக்கிறது.

சரி. இனி பேசுவதில்லை.

5.4.86, சனி

தங்கச்சி சேந்தமங்கலத்திலிருந்து கடிதம். கோயில் நோம்பிக்கு வரச் சொல்கிறாள். சேலை வெளுக்கப் போட்டதில் ஒன்று மஞ்சள் பூத்து வந்திருக்கிறது.

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பதினொரு மணி இருக்கும். நாச்சிமுத்து தன் சம்சாரம் பாவாயியைக் கூட்டி வந்தார். மூன்று மைல் உள்ளே தள்ளித் தோட்டம், நாலு ஏக்கர் குச்சிக்கிழங்கு, மெட்ராஸ்காரர்களுக்கு மரவள்ளி. பாவாயிக்கு நாற்பத்தெட்டு இருக்கும். ஆஸ்பத்திரிப் பக்கமே வராத மனுஷி. உட்காரும்போது வலது பக்கம் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பேசியதெல்லாம் நாச்சிமுத்து.

"எந்நேரமும் கடுப்பு கடுப்புங்குதுங்க. ஒரு மாசமா இதே சள்ளைதான். சோறு எறங்கல. ராத்திரி தூக்கமில்ல. ஆரு பேசுனாலும் எரிஞ்சு உளுகுது."

டாக்டரம்மா: "வீட்ல யாரோடயாவது சண்டையா?"

"மருமவகூட சித்தெ ஓரியாட்டம் இருக்குதுங்க. ஊட்டுக்கு ஊடு இருக்கறதுதானுங்களே."

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

நாச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார். பாவாயி தலையைக் குனிந்தபடி, "நின்னு போச்சுங்க. ஆறு மாசமாச்சு."

டாக்டரம்மா தலையசைத்தார். முகம் தெளிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார், கேட்காமல் இல்லை. "எங்கயாவது வலி இருக்காம்மா?"

பாவாயி யோசித்துச் சொன்னாள். "வலி இல்லீங்க. கடுப்புதான்."

வலி இல்லை என்று எழுதினார்.

பாவாயி சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் வலி வேறு, கடுப்பு வேறு. வலி சுருக்கென்று வந்து போகும். கடுப்பு விடாமல் உள்ளேயே நின்று குடையும். கேட்ட கேள்விக்குப் பிசகாமல் பதில் சொன்னாள். டாக்டரம்மாவும் கேட்ட பதிலைப் பிசகாமல் எழுதினார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். கையில் ஊசித் தட்டு. பாவாயியின் கை விலாவுக்குக் கீழேயே இருந்ததைப் பார்த்தேன். மேடம், கடுப்புன்னா நோவுங்க என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. நடுவுல பேசாதீங்க என்றீர்கள், பேசவில்லை என்று உள்ளே ஒன்று ஓடியது. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இதைப் பொய்யில்லாமல் எழுத வேண்டும்.

"இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க." தூக்க மாத்திரை பத்து, சத்து மாத்திரை இருபது. பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான். ராத்திரி ஒண்ணு என்று சொல்லிக் கொடுத்ததும் நான்.

"வாரேனுங்க நர்சம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

7.4.86, திங்கள்

சுவரிலிருந்து பல்லி ஒன்று விழுந்து டெட்டால் வாளியில் செத்துக் கிடந்தது. வாளி கழுவினேன்.

நாச்சிமுத்து மட்டும் வந்தார். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஃபேக்டரிக்குப் போகிற வழியாம். டிராக்டரை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். டாக்டரம்மா மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்காங்க?"

"தூங்குதுங்க. எந்திரிச்சா மறுபடியும் கடுப்புங்குது. மாத்திரைய எச்சாப் போடலாமான்னு கேக்க வந்தேன்."

"ஒண்ணுக்கு நல்லாப் போகுதுங்களா?"

"அதெல்லாம் நான் கேக்கறதில்லீங்க." சிவந்துவிட்டார்.

மாத்திரை எச்சாகப் போடக்கூடாது, நாளைக்கு ஆளைக் கூட்டி வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றார். சொல்லிவிட்டேன் என்று எனக்கும் ஒரு ஆறுதல். டாக்டரம்மா இறங்கி வந்ததும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

8.4.86, செவ்வாய்

பாவாயி வரவில்லை.

32 டோக்கன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

10.4.86, வியாழன்

கை இன்னும் மரத்துக் கிடக்கிறது. எழுத்து கோணல்.

காலை ஒன்பதரை. டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் போட்டுப் பாவாயியைக் கொண்டுவந்தார்கள். மருமகள் மடியில் தலை. பல் கிட்டிக் குளிர் நடுக்கம், இந்த வெயிலில். காய்ச்சல் 104. நேற்று பொழுதோடிருந்து ஒரு சொட்டு ஒண்ணுக்குப் போகவில்லை என்று மருமகள் சொன்னாள். குடித்த தண்ணீரும் வாந்தி.

டாக்டரம்மா படுக்க வைத்து வலது பக்கம் கை வைத்தார். பாவாயி போட்ட சத்தத்தில் வெளியே டீக்கடையிலிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அன்னைக்கு வலி இல்லேன்னு சொன்னீங்களேம்மா!"

பல் கிட்டியபடியே, "வலி இல்லீங்க சாமி... கடுப்பு... கடுக்குதுங்க..."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, பேசு என்கிற மாதிரி.

"இந்தப் பக்கத்துல கடுப்புன்னா நோவுங்க மேடம். விடாத நோவு. கோவம் இல்லீங்க."

முகத்தில் ரத்தமே இல்லை அவருக்கு. ஆனால் கை நிற்கவில்லை. பாட்டில் ஏற்றினார், ஊசி போட்டார், சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். டாக்ஸி கிடைத்தது, ஒரு அம்பாசிடர். நான் கூடப் போனேன். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேலம் வரை. மல்லூர் தாண்டும்போது பாவாயி கண்ணைத் திறந்து, "கை கடுக்கப் போகுதுங்க நர்சம்மா, எறக்கிக்குங்க" என்றாள்.

இறக்கவில்லை.

11.4.86, வெள்ளி

சேலத்திலேயே இருந்தேன். மருமகளும் நானும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். அந்தப் பெண் மாமியாரின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஓரியாட்டம் என்று சொன்னார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் கல் அடைத்து, உள்ளே சீழ். பகல் பன்னிரண்டுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றேகாலுக்கு வெளியே. வலது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்றார் அங்குள்ள சர்ஜன். அஞ்சாறு நாள் முன்னால் வந்திருந்தால் கல்லை மட்டும் எடுத்திருக்கலாம் என்றார். கேட்காமலே சொன்னார்.

அஞ்சாறு நாள் முன்னால் என்றால் பாவாயி முதலில் வந்த சனிக்கிழமை. கணக்குப் போட வேண்டியதில்லை.

நாச்சிமுத்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, "நான்தானுங்க கெடுத்துட்டேன். செவ்வாக்கெழம கூட்டியாரச் சொன்னீங்க, லோடு லோடுன்னு இருந்துட்டேன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும்.

12.4.86, சனி

பஸ்ஸில் திரும்பினேன். சேலை இரண்டு நாள் அழுக்கு.

டாக்டரம்மா டோக்கனை முப்பதோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலேஜ்ல தினம் நூறு தடவை சொல்ற வார்த்தை சிஸ்டர். கரண்டு போனா, படம் நல்லா இல்லேன்னா, யாராவது பேசிக்கிட்டே இருந்தா. ஒரு பொம்பளை கிட்னில சீழ் வச்சுக்கிட்டு அதையே சொல்லியிருக்கா."

ஸ்டூலை விட்டு எழுந்து, "அன்னைக்கு அவங்க சொன்னப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"தட்டு கழுவிட்டு இருந்தேனுங்க. கவனிக்கல."

பொய். சட்டென்று வந்துவிட்டது, பழக்கப்பட்ட வாய் போல.

"இருந்திருந்தா சொல்லியிருப்பீங்க" என்றார். மாடிக்குப் போய்விட்டார். சாப்பாடு கீழேயே ஆறிக் கிடந்தது.

13.4.86, ஞாயிறு

விடுமுறை. தலைக்குக் குளித்தேன். வெயிலில் அஞ்சே நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு காரியம் கேட்டார். இந்தப் பக்கத்தில் நோவுக்கு என்னென்ன வார்த்தை உண்டோ எல்லாம் எழுதித் தரச் சொன்னார். நாமக்கல் போய் லைப்ரரியில் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தடிப் புத்தகம். பக்கம் புரட்டும்போது ஒரு பூச்சி ஓடியது.

கடுப்புக்கு வேகம் என்று போட்டிருக்கிறது. நோவு என்று போட்டிருக்கிறது. சினம் என்றும் போட்டிருக்கிறது. டாக்டரம்மா சொன்னதும் தப்பில்லை, பாவாயி சொன்னதும் தப்பில்லை. எது முதலில் வந்தது என்று அகராதியில் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதினேன்:

கால் கடுப்பு, கை கடுப்பு. நின்றால், தூக்கினால்.
நீர்க்கடுப்பு. வெயில் காலத்தில் தினம் பத்துப் பேர்.
சீதக்கடுப்பு.
பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டி வரும் கடுப்பு.
தேள் கொட்டினால் கடுப்பு. பாம்புக்குச் சொல்வதில்லை.

எழுதிக்கொண்டே போனபோது ஒன்று பட்டது. எரிச்சல், முதலில் கண்ணிலும் புண்ணிலும் ஒண்ணுக்குப் போகும் இடத்திலும். குடைச்சல், முதலில் காதிலும் முட்டியிலும். உளைச்சல், முதலில் காலில். இத்தனையும் எங்கள் பெஞ்சில் வந்து உட்காருகிற நோவுகள். நோவு இல்லாதவர்கள் எடுத்துக்கொண்டுபோய் மாமியார் மேலும் ஆபீஸ் மேலும் வைத்துவிட்டார்கள். சீக்கு வந்தவர்கள் சொல்லும்போது யாருக்கும் காதில் ஏறுவதில்லை, அவளுக்கு யார் மேல் கோபம் என்று தேடுகிறோம்.

எனக்குத் தோன்றியதுதான். புலவர்கள் வேறு சொல்லலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மா பக்கத்துக்காரியிடம், "கண்டக்டருக்கு என்ன கேடு, வள்ளுன்னு உளுகறான்?" பதில், "அவனுக்கு எங்க நோவுதோ, ஆரு கண்டா."

14.4.86, திங்கள்

சித்திரை ஒண்ணு. பாயசம். டாக்டரம்மா ஒரு கரண்டி சாப்பிட்டார். பட்டியலை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒவ்வொரு நோயாளியிடமும், எங்க, காட்டுங்க, கை வச்சுக் காட்டுங்க என்கிறார். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் என்னைப் பார்க்கிறார். நான் தலையை ஆட்டினால்தான் எழுதுகிறார்.

அது தாங்கமுடியவில்லை.

17.4.86, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டோக்கன் முடிந்து அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது. திட்டம் எதுவும் இல்லை. "மேடம், அன்னைக்கு நான் தட்டு கழுவல. கேட்டுட்டுத்தான் நின்னேன். அவங்க கை வச்சிருந்ததும் பார்த்தேன்."

குழாயை மூடாமல் நின்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நடுவுல பேசாதீங்கன்னீங்க."

"அதனாலயா?"

"அதனாலதானுங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் டாக்டர் வேலையே வேண்டாம்னு அப்பாவுக்கு லெட்டர் எழுதிட்டேன் சிஸ்டர். நேத்து போஸ்ட் பண்ணேன்." கையைத் துடைத்தார். விரல் விரலாக, நேரம் எடுத்து. "நான் அப்படிச் சொன்னது தப்பு. ஆனா நீங்க செஞ்சது அதுக்குச் சமமில்ல."

இல்லைதான்.

அப்புறம் கேட்டார், "பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

19.4.86, சனி

இரண்டு நாளாக வேலைப் பேச்சு மட்டும். ஸ்பிரிட், பஞ்சு, அடுத்தது யாரு.

இன்றைக்கு ஒரு பெண் குழந்தைக்கு "இழுப்பு" என்றாள். டாக்டரம்மா திரும்பி, "வலிப்பா, மூச்சிரைப்பா?" என்று என்னைக் கேட்டார். மூச்சிரைப்பு என்றேன். தேங்க்ஸ் என்றார். அப்பாவுக்கு இரண்டாவது கடிதம் போட்டுவிட்டதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

22.4.86, செவ்வாய்

பெரிய டாக்டர் வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. வாசலில் மூன்று பேர் அதற்குள் காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஃபேனை மாடியிலேயே விட்டுவிட்டார், உங்களுக்கு என்றார். பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "வேலைய விடல சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, திங்கட்கிழமை, தட்டு கழுவினேன் என்ற பொய், எல்லாம். கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று பாதி எண்ணம். தயாராகத்தான் இருந்தேன்.

"பாவாயிகிட்ட சொன்னயா?"

"இல்லீங்க."

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது?"

அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

27.4.86, ஞாயிறு

பாவாயியை வியாழக்கிழமை வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம். மதியம் கிளம்பினேன். ஆரஞ்சு ஆறு, ஹார்லிக்ஸ் ஒன்று. ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நடை. குச்சிக்கிழங்கு பிடுங்கிய காடு, குழி குழியாக. செருப்பு பூரா செம்மண்.

நாச்சிமுத்து வெளியூர். மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பாவாயி பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் அந்தச் சுளிப்பு இல்லை. தையலைப் பார்த்தேன், நன்றாக ஆறியிருக்கிறது. வழியில் நினைத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. நேராகச் சொன்னேன்.

"மொத நாளு நீங்க வந்தப்பவே, இது நோவுன்னு எனக்குத் தெரியுமுங்க. டாக்டரம்மா தப்பா எழுதுனாங்க. நான் பார்த்துட்டே நின்னேன். சொல்லல."

புரியவில்லை அவளுக்கு. மறுபடி சொன்னேன். மருமகள் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க சொல்லல?"

"டாக்டரம்மா மேல கடுப்புங்க."

ஏன் அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. கோபம் என்றே சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாக அதையே நினைத்து நினைத்து வாயில் ஏறிவிட்டது.

பாவாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"உங்களுக்கு எங்கீங்க கடுத்துச்சு?"

கை வைத்துக் காட்ட ஒரு இடம் இல்லை.

"எங்கயும் இல்லீங்க" என்றேன். "கோவம். அவ்வளவுதான்."

"கோவமா." விட்டத்தைப் பார்த்தாள். "எனக்கு நெம்பக் கடுத்துச்சுங்க நர்சம்மா."

ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் வைத்தேன்.

பிறகு மருமகளிடம், "மோர் கொண்டா. வெயில்ல வந்துருக்காங்க." என் பக்கம் திரும்பவில்லை.

மோர் வந்தது. உப்பு தூக்கல். நின்றபடியே முழுவதையும் குடித்தேன். சொம்பைக் கொடுக்கும்போது மருமகள் என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, கீழே வைக்கச் சொன்னாள்.

வைத்துவிட்டு வந்தேன்.